"எந்த நாவல்ல ஆரம்பிக்கலாம் சார்?"



போன வாரம் நைட் டூட்டி. கேஸ் இல்லாத அரை மணி நேரம் கிடைச்சதுன்னு கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் வந்து கேட்டார்.

"சார், நானும் நாவல் படிக்கணும்னு பாக்குறேன். எதுல ஆரம்பிக்கலாம்?"

இரண்டு பெயர் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதற்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

முதலில் என் கதை.

பள்ளிக்கூட காலத்திலிருந்து நான் ஒரே வகைதான் படிப்பேன். கொலை, துப்பு, யார் செஞ்சது. பஸ் ஸ்டாண்ட் கடையில் ராஜேஷ்குமார் மாத நாவல் வாங்கினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவேன். பிறகு சுஜாதாவின் கணேஷ்-வசந்த். எம்பிபிஎஸ் முதலாம் ஆண்டில் அனாடமி புத்தகத்துக்குள் 'கொலையுதிர் காலம்' வைத்துப் படித்த ஆள் நான்.

குடும்பக் கதை, கிராமத்துக் கதை, விருது வாங்கிய கதை என்றால் ஓடிவிடுவேன்.

"நாள் முழுக்க வார்டுல அழுகையைப் பாக்குறோம். வீட்டுக்கு வந்தும் அதையேவா படிக்கணும்?"

இதுதான் என் பதில். அது எவ்வளவு தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் லிஸ்ட்.

1. படிக்கும் பழக்கமே விட்டுப்போச்சு என்பவர்களுக்கு: சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. நாட்டுப்புறப் பாட்டு ஆராய்ச்சிக்காக ஒரு கிராமத்து ஜமீன் மாளிகையில் வந்து தங்கும் கல்யாணராமன். ராத்திரியானால் சத்தம். பேயா, ஆளா? இரண்டு ராத்திரியில் முடித்துவிடுவீர்கள். கை பழசை ஞாபகப்படுத்திக்கும்.

2. அறிவியல் புனைவு: அதே சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அரசாங்கம் அனுமதித்தால்தான் பிள்ளை பெற முடியும் என்கிற ஒரு நாடு. அதில் ஜீனோ என்கிற இயந்திர நாய். எண்பதுகளில் எழுதியது. செல்போனில் ஏஐயிடம் கேள்வி கேட்கும் உங்கள் பிள்ளைகளுக்கு ஜீனோவை அறிமுகப்படுத்துங்க. விடமாட்டார்கள்.

3. சரித்திரம்: 'பொன்னியின் செல்வன்'. 1950ல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. "அதான் படம் பாத்தாச்சே"ன்னு சொல்லாதீங்க. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் படிங்க. ஐந்து பாகமா என்ற பயம் போய்விடும்.

4. என்னை மாதிரி க்ரைம் பைத்தியங்களுக்கு: பூமணியின் 'வெக்கை'. 1982ல் வந்தது. 'அசுரன்' படத்துக்கு மூலம் இதுதான். கொலை செய்தது யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். சிதம்பரம் என்கிற 15 வயசுப் பையன். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் பதுங்கித் திரிவதுதான் கதை. 'யார் செஞ்சது' என்பதைவிட 'ஏன் செஞ்சான்' என்ற கேள்விக்கு இழுவிசை அதிகம்னு எனக்குக் காட்டிய நாவல்.

5. காதல்: தி.ஜானகிராமனின் 'மோகமுள்'. கும்பகோணம், சங்கீதம், பாபு, யமுனா. மெதுவாகத்தான் போகும். அவசரப்படாதீங்க.

ரமணிசந்திரன் நாவல்களையும் இதே வரிசையில் வைக்கிறேன். சிரிக்க வேண்டாம். எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஒருநாள் கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவர் சொன்ன பதில்:

"கடைசில ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு தெரிஞ்சுதான் சார் படிக்கிறேன். இங்க யாருக்கும் அப்படி உறுதியா எதையும் சொல்ல முடியலையே."

அதற்கப்புறம் யார் என்ன படித்தாலும் நான் கிண்டல் பண்ணுவதில்லை.

6. ஒரு டாக்டர் எழுதியது: 'எரியும் பனிக்காடு'. ஆனைமலை தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர் பி.எச்.டேனியல் 1969ல் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் இரா.முருகவேள். 'பரதேசி' படம் இதைத் தழுவியதுதான். வேலை, காசு என்று ஆசை காட்டி மலைக்குக் கூட்டிப்போகப்பட்ட மக்கள் கடனிலும் காய்ச்சலிலும் மாட்டிக்கொண்டு செத்த கதை. படித்த பிறகு டீ குடிக்கும்போது ஞாபகம் வரும்.

7. வீட்டில் ஒருத்தர் குடியில் சிக்கியிருந்தால்: சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'. தியாகு என்கிற நல்ல மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும். ஆனால் நாவல் வைத்தியம் ஆகாது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரையும் பாருங்க.

8. மனசு கனமா இருக்கிற நாளுக்கு: ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. ஹென்றி மாதிரி ஒருத்தன் நம்ம தெருவுக்குக் குடிவர மாட்டானா என்று இருக்கும்.

9. இது கடைசி. இதற்காகத்தான் இந்த இழையே.

சில வருஷங்களுக்கு முன்னால், தீக்காய வார்டில் டூட்டி. சின்ன வயசுப் பொண்ணு. உடம்பில் முக்கால்வாசிக்கு மேல் வெந்துபோயிருந்தது. பிழைப்பது கஷ்டம் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும்.

அவங்க அப்பா வாசலிலேயே நிற்பார். கையில் ஒரு மஞ்சப்பை. முதல் நாள் அதைத் திறந்து காட்டினார். உள்ளே ரூபாய்க் கட்டு.

"எவ்வளவு ஆனாலும் பரவால்ல சார். எங்க கூட்டிட்டுப் போகணும்னு மட்டும் சொல்லுங்க."

அதற்கப்புறம் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "பாப்பா எப்படி இருக்கு சார்?"

இரண்டாம் நாள் எனக்குத் தூக்கமில்லை. சாப்பாடும் இல்லை. பத்தாவது தடவை கேட்டபோது கத்திவிட்டேன்.

"எத்தனை தடவைங்க கேப்பீங்க? வாசலை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க!"

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய் மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியக்காலை அந்தப் பொண்ணு போய்விட்டாள். கையெழுத்துப் போடும்போதும் அந்தப் பை அவர் கையில்தான் இருந்தது.

நான் அதை மறந்தும்போனேன். அதுதான் உண்மை.

ரொம்ப நாள் கழித்து நண்பர் ஒருவர் இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைக் கையில் திணித்தார். 2020க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கியது. நான் தொடவே மாட்டேன் என்றிருந்த வகை. தீக்காயத்தோடு ஜிப்மரில் சேர்க்கப்படும் ரேவதி என்ற பெண்ணின் கதை. ஆனால் நாவலில் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்துக்கிடக்கிற அவள் குடும்பம்தான். அப்பா, அம்மா, அண்ணன். அவர்கள் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள். வீட்டில் பணம் இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாதியில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த மஞ்சப்பை கண் முன்னால் வந்துவிட்டது.

அந்தக் கதவை நான் பத்து விநாடியில் கடந்துபோவேன். அவருக்கு அது மூணு நாள். எத்தனையோ வருஷம் வார்டுக்கு உள்ளே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. வெளியே கூட்டிப்போய்க் காட்ட ஒரு நாவல் வேண்டியிருந்தது.

இப்போது ரவுண்ட்ஸ் முடிந்ததும் நானே வாசலுக்கு வந்து சொல்லிவிடுகிறேன். புதிதாக எதுவும் இல்லையென்றால், "அதே நிலைமைதான், பாத்துக்கிட்டே இருக்கோம்" என்று. ஒரு நிமிஷம்தான் ஆகும். எல்லா நாளும் முடிவதில்லை. கூட்டம் அதிகமான நாளில் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஆனால் கத்துவதற்கு முன்னால் அந்த மாடிப்படி ஞாபகம் வரும்.

அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆகவே தம்பி, பிடிச்ச வகையிலேயே ஆரம்பிங்க. பேயோ, கொலையோ, காதலோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் நாலு புத்தகத்துக்கு ஒரு தடவை, "இது நமக்கு ஆகாது" என்று ஒதுக்கி வைத்த ஒன்றையும் எடுங்க. நமக்கு வேண்டியது சில நேரம் அதில்தான் இருக்கும்.

நண்பர்களே, நீங்களும் சொல்லுங்க. ஒதுக்கி வைத்திருந்து, படித்த பிறகு "ஏன்டா இவ்வளவு நாள் படிக்காம இருந்தோம்" என்று நினைத்த நாவல் எது? என் அடுத்த நைட் டூட்டிக்கு ஒரு புத்தகம் தேவைப்படுகிறது.