இறகுத் தூண்டில்

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிவிட்டால் எங்கள் ஊரில் கடல் பூட்டிக்கொள்ளும். கரைவலைத் தோணிகளைச் சவுக்கு மரங்கள் வரை இழுத்தேற்றிக் கிடுகு போட்டு மூடிவிடுவார்கள். மாசி கழியும்வரை அலை இறங்காது. சிலர் வயல் வேலைக்குப் போவார்கள். சிலர் அடுத்த பருவத்துக்கான முற்பணத்தை முதலாளியிடம் இப்போதே வாங்கிச் சாப்பிட்டுத் தீர்ப்பார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் வாப்பா பாய் விரித்து முள் கட்டுவார்.

முள் கட்டுவதென்றால் தங்கூசியில் முள்ளை முடிந்துவிடுவது மட்டுமல்ல. ஓடும் வள்ளத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் இறகுத் தூண்டில்தான் வாப்பாவின் கைவேலை. பாரை, சூரை, அறுக்குளா எல்லாம் அதில் விழும். வெள்ளை இறகு தண்ணீரில் நெளியும்போது நெத்தலி ஓடுவதாக நினைத்து மீன் பாயும். இறகுக்கு நாட்டுச் சேவல்தான் வேண்டும். அதிலும் கழுத்து இறகு. கடைகளில் உரிக்கும் புரொய்லர் கோழி ஆறேழு கிழமையில் சட்டிக்கு வந்துவிடுகிறது; கழுத்து இறகு நீண்டு முற்ற அதற்கு வயது ஏது? ஊரில் எந்த வீட்டில் நாட்டுச் சேவல் அறுத்தாலும் வாப்பாவுக்குச் சொல்லியனுப்புவார்கள். இறகு அவருக்கு, இறைச்சி அவர்களுக்கு.

முள்ளின் தண்டில் முதலில் வெறும் நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் இறகு வழுக்கிச் சுழன்றுவிடும். இரண்டு இறகுகளை முதுகோடு முதுகாக வைத்தால் வால் கத்தரிக்கோல்போல விரியும். வயிற்றோடு வயிறாக வைத்தால் ஒட்டிக்கொண்டு ஒரே மீன்போல ஓடும். கடைசியில் கட்டின் மேல் நகப்பூச்சுத் தடவிக் காயவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் வுழூவுக்குத் தடை என்று கியூட்டெக்ஸ் பூசுவதில்லை. ஆகவே, ஊர் ஃபேன்சி கடையில் சிவப்புக் கியூட்டெக்ஸ் கேட்டு நிற்கும் ஒரே ஆண்பிள்ளை இந்த வாத்தியார்தான். கடைக்காரர் என் பழைய மாணவர். எத்தனை வருடமானாலும் அவருக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

இந்தக் கலை உலகில் எவ்வளவு பழையது என்பதை ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்த பின்தான் வாசித்தறிந்தேன். கி.பி. 200ஐ அண்டி உரோமாபுரியில் வாழ்ந்த ஈலியன் என்பவர், மசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழ் வளரும் இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்று மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஆற்று ட்ரவுட் மீன் பிடிக்கச் சட்டம் இடம்கொடுக்காது. அந்த மாதங்களில் தூண்டில்காரர்கள் வீட்டுக்குள் இருந்து இறகில் பூச்சிகள் கட்டுவார்கள். அந்த ட்ரவுட்டை வெள்ளைக்காரர்கள் 1880களில் நமது நுவரெலியா ஓடைகளிலும் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே சட்டம் பூட்டுகிறது, இங்கே வாடை பூட்டுகிறது. ஈலியனின் கதையை நான் சொன்னபோது வாப்பா ஒன்றைத்தான் கேட்டார்.

"அவங்களும் நாட்டுச் சேவல்தானா மகன்?"

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். சாச்சா வலை பொத்துவதற்காகக் கடற்கரை வாடிக்குப் புறப்பட்டவர், வாப்பாவையும் கூப்பிட்டார். வாப்பாவின் கையில் பாதி சுற்றிய முள் இருந்தது. நூலை இடையில் விட்டால் குலைந்துவிடும்.

"நீ போ தம்பி. இந்த ரெண்டையும் முடிச்சிட்டு வாறன்."

ஒன்பது மணிக்கு முன்பின்னாகக் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு வயல் பக்கம். சாச்சாவை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தோம். அவருடைய மகனுக்கு அப்போது மூன்று வயது.

அதன் பிறகு வாப்பா வள்ளத்தில் ஏறவில்லை. முள் கட்டுவதை மட்டும் விடவில்லை. பயந்துவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். நான் அதை ஏற்பதில்லை. பயந்த மனிதன் அடுத்தவன் கடலுக்குப் போக முள் கட்டிக் கொடுப்பானா?

நான் அரைகுறைத் தூண்டில்காரன். மழைக்காலத்து விடுமுறையில் ஆற்றுவாய் வெட்டினால் மட்டும் போவேன். வயல் வெள்ளம் வடிய மணல்மேட்டை வெட்டிவிடும்போது கலங்கல் தண்ணீர் கடலுக்குப் பாயும். அதோடு வரும் இறாலுக்காகக் கொடுவா வாயிலில் காத்துக் கிடக்கும். 2022 மாரியில் ஒருநாள் நான் புறப்பட, வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"பைக்க எடு. வெள்ளைய வைச்சிட்டு மஞ்சளக் கொண்டுவா. கலங்கல் தண்ணிக்கி அதுதான்."

சவுக்கின் கீழ், கடலுக்கு முதுகு காட்டி ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். அன்று ஒரு கொடுவா கிடைத்தது. அவர் மீனைப் பார்க்கவில்லை, முள்ளை வாங்கிப் பார்த்தார். இறகில் பாதி போயிருந்தது. கட்டு அப்படியே இருந்தது.

சாச்சாவின் மகன் கத்தாரில் இரண்டு வருடம் உழைத்துவிட்டு 2024 கார்த்திகையில் திரும்பி வந்து, ஃபைபர் வள்ளம் ஒன்றில் பங்கு வாங்கினான். நேரே எங்கள் விறாந்தைக்கு வந்து நின்றான்.

"பெரியவாப்பா, எனக்கும் ஒரு டசன் கட்டித் தாங்க."

ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுக்கும் மனிதர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிவிட்டு உள்ளே போனார். பதினைந்து நாளாக அந்தப் பாய் விரியவில்லை. உம்மா என்னைப் பேசச் சொன்னா. என்ன பேசுவது? வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு பேசுகிறவனுக்கு அந்த ஒரு பேச்சு வரவில்லை. பின்னர் ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்தவர் என்னிடம் சொன்னார்:

"கியூட்டெக்ஸ் முடிஞ்சி போச்சி. ஒண்டு வாங்கி வா."

மார்கழி முழுவதும் அந்தப் பன்னிரண்டையும் கட்டினார். ஒவ்வொன்றையும் கதவு நிலையிலிருந்த ஆணியில் மாட்டி, உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்த்தார். இரண்டைத் திருப்திப்படாமல் அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

2025 பங்குனியில் வள்ளம் இறங்கியது. முதல் நாள் லுஹருக்குப் பின் தம்பி வந்து தூண்டில் தகரத்தைப் பாயில் வைத்தான். வாப்பா எண்ணினார்.

"பன்னிரண்டு தந்தன். பதினொண்டு இரிக்கி."

"ஒண்ட அறுக்குளா கொண்டுபோயிட்டு, பெரியவாப்பா."

"கட்டு அவிழ்ந்ததா, தங்கூசி அறுந்ததா?"

"தங்கூசிதான்."

"அப்ப சரி" என்றவர், இறகுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.