மூன்று நகரங்களும் ஒரு மூதாட்டியும்

எம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலையில் நீண்ட தாளொன்றுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மனைவி, மகள், எழுபது வயதைக் கடந்த அன்னை ஆகியோருடன் வருகிற கோடை விடுமுறையில் இத்தாலி செல்வது அவர் எண்ணம். தாளில் உரோமை, நேப்பிள்ஸ், புளோரன்ஸ், வெனிஸ், மிலான் என ஐந்து மாநகரங்கள் இருந்தன, நாட்களோ ஒன்பதுதான். உரோமையில் சில ஆண்டுகள் பயின்றவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்.

காலத்தைக் குறித்து எனக்கு மகிழ்ச்சியே. நமக்குக் கோடையான மே மாதம் அவர்களுக்கு வசந்தம். ஜூலை, ஆகஸ்டில் உரோமையின் கற்தெருக்கள் அடுப்பெனக் காயும். ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்பு விழாவையொட்டிக் கடைகள் பலவும் பூட்டிக் கிடக்கும். ஆயினும் மே 1 அன்று வத்திக்கான் அருங்காட்சியகம் திறவாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, அதே நிலைதான்.

நகரங்களைக் குறித்துத்தான் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. உரோமையிலிருந்து புளோரன்சுக்கு விரைவு இரயில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடும். அங்கிருந்து மிலானுக்கு இரண்டு மணி நேரம். கணக்கில் இது சிறிதே. பெட்டி கட்டுவதும், நிலையத்தில் காத்திருப்பதும், புதிய ஊரில் விடுதியைத் தேடுவதும் சேர்ந்தால், ஒவ்வொரு நகர மாற்றமும் அரை நாளை விழுங்கிவிடும். நேப்பிள்சை அடித்தேன். வெனிசையும் அடித்தபோது மகளின் முகம் வாடிவிட்டது. அந்நகரின் பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டுகளே. மூட்டுவலியுள்ள பாட்டி நாளொன்றுக்கு எத்தனை பாலம் ஏறி இறங்குவார்?

அப்பெண் ஓவியம் பயில்கிறாள் என்று பின்னரே அறிந்தேன். எனவே மிலானை விட்டுவைத்தேன். அங்கே புனித மரியா தெல்லே கிராசியே மடத்தின் உணவறைச் சுவரில் லியொனார்டோ தா வின்சி தீட்டிய இராவுணவு ஓவியம் உள்ளது. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து அவ்வறை பெரிதும் இடிந்தபோதும், மணல் மூட்டைகளால் காக்கப்பட்ட ஓவியச் சுவர் நின்றது. சிறு குழுக்களாக உள்ளே விட்டு, பதினைந்து நிமிடங்களில் வெளியே அனுப்பிவிடுவார்கள். நேரில் போய்ச் சீட்டு வாங்கலாம் என்று நம்பிச் செல்வோர் பெரும்பாலும் வாயிலோடு திரும்புகின்றனர். முன்பதிவே வழி. "பதினைந்து நிமிடம் போதும் சாமி" என்றாள்.

உரோமைக்கு ஐந்து நாட்கள் ஒதுக்கினோம். புதன்கிழமைகளில் வழக்கமாக நடைபெறும் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்குச் சீட்டு இலவசம். விலை கேட்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. பேதுரு பேராலயக் குவிமாட உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் மேல்தளம் வரை சென்றாலும் எஞ்சிய 320 படிகளை ஏறியே ஆக வேண்டும். பாட்டிக்கு மேல்தளமே போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது கோவில் வாயிலில் விதி. நம் சேலைக்கு அதில் தடையில்லை. சிறிய ஆலயங்கள் பல நண்பகலில் மூடிவிடும். அவ்வேளையில் உண்டு ஓய்வதே அறிவுடைமை. தெருக்களில் ஓயாது வழியும் சிறு குழாய்களின் நீர் குடிக்க நல்லது. நான் பயின்ற நாட்களில் காசு கொடுத்து நீர் வாங்கியதில்லை.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பாட்டியின் கடவுச்சீட்டு முன்னமே காலாவதியாகிவிட்டதை அப்போதுதான் கண்டோம்! மறுநாளே அதைப் புதுப்பிக்க ஆசிரியர் புறப்பட்டார்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த பாட்டி கேட்டார்: "அவ்வளவு பெரிய கோவிலில் உட்கார இடம் இருக்குமா சாமி?"

"திருப்பலி நடக்கும் பகுதியில் நாற்காலிகள் இருக்கும் அம்மா" என்றேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் தாளை வாங்கி, ஒரு நாளின் எல்லா வரிகளையும் அடித்துவிட்டு, அங்கே அம்மா என்று மட்டும் எழுதினார்.