உறைபனியும் ஒரு கம்பியும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு குளிர்பானக் கடையில் வேலை பார்த்தேன். ஓர் இரவு, கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, உறைபெட்டியில் வைத்துவிட்டு வீடு திரும்பினேன். காலையில் பார்த்தால் புட்டி வெடித்துக் கிடந்தது! அருகிலிருந்த பழச்சாற்றிலெல்லாம் கண்ணாடித் துண்டுகள். என் அன்றைய கூலி போயிற்று.

கல்லூரி திறந்ததும் இயற்பியல் பேராசிரியரிடம் சொன்னேன். சிரித்தார். "தம்பி, நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். புட்டி என்ன, இரும்புக் குழாயே பிளந்துவிடும்! குளிர்நாடுகளில் அதற்காகக் குழாயை மின்சாரத்தால் சூடாக்குகிறார்கள். படித்துப் பார்" என்றார்.

படித்தேன். குழாயை ஒட்டி ஒரு வெப்பக் கம்பி. அதற்குமேல் வெப்பம் கடத்தாத உறை. இவ்வளவுதானா என்று எண்ணினேன். ஆனால், எப்போது சூடாக்குவது, எப்போது நிறுத்துவது? அங்கேதான் சிக்கல்! எப்போதும் ஓடவிட்டால் மின்சாரம் வீண். எனவே காற்றின் வெப்பநிலை சுமார் 5 டிகிரிக்கு இறங்கியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைச் செலுத்துகிறது. சிக்கனம் வேண்டுவோர் உணர்கருவியைக் குழாய்மீதே பொருத்துவர். ஆனால் அது அந்த ஓரிடத்தை மட்டுமே அறியும். காற்றடிக்கும் வளைவில் நீர் உறைந்தால் அதற்குத் தெரியாது.

தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் கம்பியும் உண்டு. இரு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கரித்தூள் கலந்த பிளாஸ்டிக். சூடேறினால் அது விரியும். கரித்துகள்களின் தொடர்பு அறும். மின்தடை கூடி வெப்பம் குறையும். எவ்வளவு அழகான இயற்பியல்! ஆனாலும் அது முற்றிலும் அணைவதில்லை. அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. 15ஆம் தேதி அதிகாலை, தெற்கு டெக்சஸ் அணுமின் நிலையத்தில் சுமார் 1,300 மெகாவாட் திறனுள்ள முதல் உலை நின்றது. காரணம் என்ன? நீரேற்றும் பம்புகளின் அழுத்தமானிக்குச் செல்லும் ஒரு மெல்லிய குழாய் குளிரில் உறைந்ததுதான்! வேறு பல நிலையங்களிலும் கருவிகள் உறைந்தன. 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருளில் தவித்தனர். அந்தக் குளிர்ப்புயலில் மாண்டோர் அரசுக் கணக்கின்படி 246 பேர். 2011லும் அங்கே இதே துன்பம். வெப்பக் கம்பிகளைக் குளிர்காலத்துக்கு முன்பே சோதிக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை அப்போதே சொல்லியிருந்தது.

அறுந்த கம்பியும் நல்ல கம்பியும் கோடையில் ஒன்றுபோலவே தோன்றும். அப்போதே அம்மீட்டரும் மெக்கரும் கொண்டு ஒருவர் சோதித்திருக்க வேண்டும்.

புட்டி வெடித்தபின் காரணம் கேட்டவன் நான். எனக்குப் போனது ஒருநாள் கூலி மட்டுமே. வெடிக்குமுன் கேட்கக் கற்பதே படிப்பின் பயன் அன்றோ?