நேசமணி தலையில் சுத்தியல்

2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாதம் ட்விட்டரில் ஊரே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. ‘வேலையத்த பசங்க’ என்று சலித்துக்கொண்டவன் நான்.

போன மாதம் சித்தி மகனுக்கு வேலை போய்விட்டது. வயது 34. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதே நேசமணி படத்தைப் போட்டான். சுத்தியல் மேல் ‘ஹோம் லோன்’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் ஸ்மைலி போட்டோம்.

படித்தது பி.காம் ஆச்சே... ராத்திரி மனசு கணக்குப் போட்டது. போன் பண்ணினேன்.

“எத்தனை மாசம்டா தாங்கும்?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மூணுண்ணே. நேரா சொன்னா அம்மா பயந்துடுவாங்க. அதான் மீமா போட்டேன்.”

இப்போதெல்லாம் அவன் மீம் போட்டால் நான் ஸ்மைலி போடுவதில்லை. போன் போடுகிறேன்.