சுண்டைக்காயும் சுமைகூலியும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் நாட்டு மக்கள் கண்ட பொருளாதாரம். சென்ற ஆண்டு நம் பொருளியல் மன்றத்தில் நடந்த சொற்போரில் இந்தப் பழமொழியைக் கொண்டுதான் நான் பரிசு பெற்றேன். "மரபணு ஆலோசகர்களுக்கு அரசு உரிமம் தேவையா?" என்பது தலைப்பு. தேவையில்லை என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது, ஓர் எவர்சில்வர் குவளையும் கிடைத்தது. இன்று அந்தக் குவளையில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ இடறுகிறது. ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அன்று நான் அடுக்கிய சான்றுகள் பொய்யல்ல. மரபணு ஆலோசனை என்ற பெயரை 1947இல் சூட்டியவர் அமெரிக்கரான ஷெல்டன் ரீட். அத்தொழிலுக்கென முதல் பட்டமேற்படிப்பை 1969இல் சாரா லாரன்ஸ் கல்லூரி தொடங்கியது. உரிமச் சட்டத்தை யூட்டா மாநிலம் 2001இல் இயற்றியது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அத்தகைய சட்டம் உண்டு. ஆனால் நாடு முழுவதும் அத்தொழிலில் இருப்போர் சில ஆயிரம் பேர்தாம். சிறிய மாநிலத்துக்கு எத்தனை பேர் தேறுவர்? அந்தச் சிலருக்காக விண்ணப்பம் பார்க்க எழுத்தர், முறையீட்டை விசாரிக்கக் குழு, வழக்கு வந்தால் வழக்கறிஞர்! செலவைக் கட்டணமாக வாங்கினால் அது நோயாளியின் தலையில் விடியும். அரசே ஏற்றால் வரி கட்டுவோர் தலையில் விடியும். உரிமம் இல்லாதோர் விலக்கப்படுவதால் ஆள் குறைந்து, காத்திருக்கும் நாள் கூடும். அது கணக்கேட்டில் வராத மூன்றாவது செலவு.

மில்டன் ஃப்ரீட்மன் 1962இல் எழுதிய நூலில் பதிவு, சான்று, உரிமம் என மூன்று படிகளைப் பிரித்துக் காட்டுகிறார். பதிவு என்பது பெயரைப் பட்டியலில் சேர்ப்பது. சான்று என்பது தகுதி உடையவர் இன்னார் என்று அறிவிப்பது, மற்றவரைத் தடுப்பதில்லை. உரிமமோ மற்றவர் அத்தொழிலையே செய்யக் கூடாது என்பது. மூன்றாம் படி வேண்டவே வேண்டாம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

எதிரணித் தோழி எழுந்து, 1970களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே நடந்த அரிவாள் உயிரணுச் சோதனையை எடுத்துரைத்தார். நோயைச் சுமப்பவர் வேறு, நோயாளி வேறு என்பதை விளக்கிச் சொல்லத் தக்க ஆளின்றி நடந்த சோதனைகளால், நல்ல உடல்நலம் உடையவர்களும் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டார்கள் என்றார். "அது பழங்கதை" என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

என் பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள். அப்பா தம் அக்காள் மகளையே கைப்பிடித்தார். என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. தையற்கடையில் வேலை, சட்டைக் கழுத்துப்பட்டை தைப்பதில் எங்கள் ஊரில் அவனுக்கு நிகர் இல்லை. சென்ற ஆடியில் அக்காளை மாமா மகனுக்கே கொடுப்பதென்று பேச்சு எழுந்தது. அம்மாவுக்கு உள்ளூர அச்சம். பக்கத்து நகரில் "மரபணு ஆலோசனை" என்று பலகை மாட்டிய ஓர் இடத்துக்குப் போனோம். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருவருடைய ரத்தப் பிரிவையும் பார்த்தார். "பிரிவு வேறு வேறு; பயமில்லை, முகூர்த்தம் பாருங்கள்" என்றார். ஐந்து நிமிடத்தில் அம்மாவின் அச்சம் போயிற்று.

இதை நம் விலங்கியல் விரிவுரையாளரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "தம்பி, ரத்தப் பிரிவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையே!" என்றார். அவர் சொற்படி சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் முக்கால் மணி நேரம் எங்கள் குடும்பத்தைக் கட்டமும் வட்டமுமாக வரைந்தார். அண்ணனின் குறை மரபுவழி வந்ததானால், அக்காள் அக்கூறைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மாமா மகனுக்கு நான்கில் ஒன்று. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. பெருக்கினால் 24இல் 1. பொதுவாக ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கே இக்குறை வரும். "சோதித்தால் உறுதியாகத் தெரியும். முடிவு உங்களுடையது" என்றார்.

அப்போது அண்ணன் சைகையால் ஒன்று கேட்டான். அக்காள்தான் அதைச் சொல்லாக்கினாள்: "என்னைப்போல் ஒருவன் பிறந்தால் குற்றமா?" அந்த அம்மையார் அவன் முகத்தை நேராகப் பார்த்து, "இல்லை. பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே வேண்டியதைச் செய்ய வீட்டார் ஆயத்தமாக இருக்கலாம். அதற்கும் இது உதவும்" என்றார். அண்ணன் தலையசைத்தான்.

சோதனை முடிவும் வந்தது. அக்காள் அக்கூறைச் சுமக்கிறாள். மாமா மகன் சுமக்கவில்லை. தையில் திருமணம் இனிதே நடந்தது.

என் அறைத்தோழன் கேட்டான்: "வெள்ளை அங்கிக்காரர் சொன்னதும் அதுதானே? பிறகு எதற்கு இத்தனை செலவு?" நியாயமான கேள்விதான். ஆனால் அவர் சொன்னது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது போன்றது. எங்கள் வீட்டில் பொருந்தியது. அடுத்த வீட்டில் பொருந்தாமற் போகும். அந்த வீட்டின் இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறாது. உரிமத்தின் செலவு ரசீதில் தெரியும். உரிமமின்மையின் செலவு அடுப்பங்கரையில் அழும்.

நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மரபணு ஆலோசனை மையங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆனால் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுப்பதே அதன் நோக்கம். மணப்பேச்சின்போது சொல்லப்படும் ஆலோசனை சரியா தவறா என்று பார்ப்பது அதன் வேலையன்று.

அப்படியானால் என் பழைய கட்சி முழுதும் தவறா? இல்லை. சுமைகூலி மெய்யானதே. கட்டணத்தை ஏற்றினால் ஆலோசகர் பெருநகரைத் தாண்டமாட்டார். அம்மா போன்றோர் மறுபடியும் வெள்ளை அங்கியிடமே போவார்கள். சான்று போதும் என்ற ஃப்ரீட்மனின் வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு: சுவரில் தொங்கும் சான்றிதழைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது காவல். ஆகவே அப்பெயரைப் பலகையில் எழுதும் உரிமையையாவது தகுதி உடையோர்க்கே சட்டம் காக்க வேண்டும். தனி வாரியம் அமைத்துச் செலவைப் பெருக்காமல், இருக்கின்ற மருத்துவ அமைப்பு ஒன்றோடு இதைச் சேர்க்கலாம். மாவட்ட மருத்துவமனைக்கு ஓர் ஆலோசகரை அரசே அமர்த்தலாம்.

அடுத்த சொற்போரில் எதிரணித் தோழியின் பக்கம் பேச விரும்புகிறேன். குவளையை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசுவேன்.