இரு பற்சில்லுகளுக்கு இடையே

நானுஓயாவிலிருந்து தலவாக்கலை நோக்கி இறங்கும் பஸ் வண்டியில், விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பும் மாணவன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். அவன் மடியில் ஒரு வரைபடம். போட்டிக்கென நண்பர்களோடு அமைக்கும் ரோபோவுக்குரிய கியர்ப் பெட்டி அதில் வரையப்பட்டுள்ளது. வளைவு தொடங்குமுன்பே சாரதி கியரைக் குறைக்கின்றார். எஞ்சின் உறுமுகின்றது; வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டாற்போல வேகந் தணிகின்றது. தாழ்ந்த கியர் ஏறுவதற்கே உரியதெனச் சமவெளியில் வாழ்வோர் எண்ணலாம். மலைநாட்டார்க்கு அது இறங்குவதற்கும் உரியது.

மாணவனின் ரோபோ களத்தில் விரைந்தோடவும் வேண்டும். எதிர்நின்றதைத் தள்ளவும் வேண்டும். மோட்டாரின் வலுவோ ஒன்றே. 20 பற்கள் கொண்ட சில்லு 60 பற்கள் கொண்டதைச் சுழற்றினால் வேகம் மூன்றிலொன்றாகும். உராய்வால் இழப்பதை நீக்கினால், முறுக்கம் மும்மடங்காகும். எனவே ஓடுதற்கொரு விகிதமும் தள்ளுதற்கொரு விகிதமும் வகுத்து, தண்டின்மேல் வழுக்கிச் செல்லும் வளையமொன்றால் அவற்றை மாற்றுகின்றான்.

ஆயினும் போட்டி விதி எடைக்கு எல்லை வகுத்துள்ளது. எதனைக் குறைப்பது? மோட்டாரை அடுத்த சில்லுகள் விரைவாகச் சுழல்வன. தாங்கும் விசை சிறிது. அவை ஒடுங்கிய அலுமினியமாக இருக்கலாம். சக்கரத்தை அடுத்த சில்லுகளே பெருஞ்சுமை தாங்குவன. அவற்றின் பற்களுக்கு உருக்கும் போதிய அகலமும் வேண்டும். நடுத்தட்டில் துளையிடலாம், பல்லின் அடியைத் தொடலாகாது. முறுக்கத்தை வரம்பின்றிப் பெருக்குவதிலும் பயனில்லை. சக்கரம் நிலத்தைப் பற்றும் அளவே தள்ளும் விசையின் எல்லை. 44 அடிக்கு ஓரடி உயரும் மலைப்பாதையில் நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதத்துக்கும் இவ்விதி பொதுவானதே.

இவ்வாறு குறைத்துக்கொண்டே சென்றவன், வளையத்தை அதனிடத்தில் நிறுத்தும் சிறு சுருள்வில்லையும் குண்டையும் நீக்கிவிட்டான். எடை சில கிராம். வேலையோ வெளியே தெரியாதது. ஆனால் அதிர்ச்சியொன்றால் வளையம் நழுவி இரு சில்லுகளுக்கும் இடையே நின்றுவிடின், மோட்டார் வீணே சுழலும். சக்கரம் எதற்கும் கட்டுப்படாது.

சமதளக் களத்தில் அதனால் இழப்பது ஒரு வெற்றிப்புள்ளி. சரிவிலோ, கியர் பற்றாத வண்டியின் பாரம் முழுவதும் பிறேக்கின்மேல் விழும். இடையறாது அழுத்தப்பட்ட பிறேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதெல்லப் பகுதியில் நேர்ந்த பஸ் விபத்தில் ஏழு உயிர்கள் பிரிந்தன. ஒரு விபத்தின் காரணங்கள் பலவாகலாம். ஆயினும் அச்சரிவு சிறு பிழையையும் பொறுப்பதன்று என்பதை அவ்வூரார் எவரும் மறந்திலர். அவ்வூரில் வளர்ந்த அவனும் மறந்திலன்.

அடுத்த வளைவு வருகின்றது. சாரதியின் கை கியர்த் தண்டை நகர்த்துகின்றது. ஒரு கணம் எஞ்சினின் ஒலி தளர்கின்றது. பின்பு பல்லோடு பல் பொருந்தும் சிறு அதிர்வு இருக்கையில் தெரிகின்றது. மாணவன் பென்சிலை எடுத்து, தான் அழித்த சுருள்வில்லை மீண்டும் அதனிடத்தில் வரைகின்றான்.