வாய் திறக்காத அரோவானா

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்தே தலை நரைத்துப் போன ஒருவரிடம், பக்கத்துக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையன் கேட்டான்: "தண்ணி மாத்துறதுக்கெல்லாம் எதுக்குண்ணே இத்தனை வருஷ அனுபவம்?" பையன் விளையாட்டாகத்தான் கேட்டான். பெரியவருக்கு அது இன்னும் ஆறவில்லை. யாராவது அரோவானாக் குஞ்சைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பையனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை வந்தவரிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

வருகிறவர்கள் கொண்டுவரும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நாலங்குல சில்வர் அரோவானா வாங்கினார்கள். புதன்கிழமை வரை ஒரு வாய் தின்னவில்லை. மூலையில் போய் நிற்கிறது, தாடி மயிர் இரண்டும் சுருண்டிருக்கின்றன, ஆள் நிழல் பட்டால் கண்ணாடியில் போய் மோதுகிறது. தீவனத்தில் மூன்று வகை போட்டுப் பார்த்தாயிற்று. போதாததற்கு நீல மருந்தும் ஊற்றியாயிற்று.

"தொட்டி என்னிக்கு வெச்சீங்க?"

"மீன் வாங்குன அன்னிக்குத்தாண்ணே."

அதற்கு மேல் அவருக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை. "சைக்கிள் ஆகாத தொட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வந்தவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதில்லை. நாம் சொல்லிவிடலாம். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். புதுத் தொட்டியில் அவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சு விடுகிறது. தின்னாத தீவனம் அடியில் கிடந்து அழுகினால் அம்மோனியா இன்னும் ஏறும். நீல மருந்து ஊற்றினால், வரத் தொடங்கிய பாக்டீரியாவுக்கும் அது ஆபத்து. பசிக்கவில்லையே என்று செய்யும் வைத்தியமெல்லாம் பசியைக் கெடுக்கிற வேலையாகவே முடிகிறது.

அவர் வாதம் இவ்வளவுதான்: தின்னாத குஞ்சுக்குத் தீவனம் தேடாதே, தண்ணியைப் பார். இதைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்த மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வலையைத் தொடவே விட மாட்டாராம். முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்காரவைத்து, செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை தரம் திறந்து மூடுகிறது என்று எண்ணச் சொல்வார். காலையில் ஒரு தரம், தண்ணீர் மாற்றியதும் ஒரு தரம், விளக்கு அணைத்ததும் ஒரு தரம். எண்ணிக்கை சொன்னால், "நேத்தைக்கு இன்னிக்கு கூடுதலா குறைச்சலா?" என்று மட்டும் கேட்பார். இப்போது சோதனைக் குப்பிகள் வந்துவிட்டன, சொட்டு விட்டால் நிறம் சொல்லும். பெரியவரும் அதை வாங்கி வைத்திருக்கிறார். ஆனாலும் செவுளை எண்ணி முடித்த பிறகுதான் குப்பியைத் திறக்கிறார்.

வாத்தியார் அதிகம் திட்டியது பை திறக்கும் விஷயத்தில். தூரத்திலிருந்து பிராணவாயு அடைத்து வரும் பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரின் பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக, அவ்வளவாகக் கேடில்லாமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியம் திரும்ப அம்மோனியாவாகிச் செவுளைச் சுடும். அதனால் நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலப்பது, கைபேசியில் காட்டுவதுபோல் அத்தனை நல்ல காரியம் அல்ல. பையை மூடியபடி மிதக்கவிட்டுச் சூடு சமமான பிறகு திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்துவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வாத்தியாருக்கு வேதியியல் தெரியாது. "தொறந்த பையில மீன் நிக்கக் கூடாது" என்பதுதான் அவர் சொன்ன பாடம்.

குஞ்சு மிரளுவதற்கும் காரணம் இருக்கிறது. அமேசான் படுகையில் சில்வர் அரோவானாவின் ஆண் மீன்தான் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். ஆணைப் பிடித்து அதன் வாயிலிருக்கும் குஞ்சுகளை எடுத்துத்தான் பெருவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் ஆசியச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். வயிற்றில் மஞ்சள் கரு தொங்கும் நிலையிலேயே விற்கப்படுவதும் உண்டு. அந்தக் கரு கரையும்வரை அதற்குத் தீவனம் எதற்கு? (சிவப்பு அரோவானா கேட்டு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். அது ஆசிய அரோவானா வகை. அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. பண்ணையில் பிறந்ததற்குச் சான்றிதழும் உடலில் சிப்பும் இல்லாமல் அந்த வியாபாரம் கூடாது.)

சரி, என்னதான் செய்ய வேண்டும்? தொட்டியின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டு. விளக்கைப் போடாதே. மூடியின் மேல் கனமாக எதையாவது வை, ஏனென்றால் இது தண்ணீருக்கு மேலே எகிறிப் பூச்சி பிடிக்கும் ஜாதி. குளோரின் நீக்கிய தண்ணீரை நாள்தோறும் கால்பங்கு மாற்று. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போட்டால், செவுள் வழியே நைட்ரைட் ஏறுவதைத் தடுக்கும். தெருவில் உதிர்ந்து காய்ந்த பாதாம் இலை இரண்டைக் கழுவிப் போடு. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் குஞ்சின் மிரட்சி குறையும். சூடு 28 டிகிரியில் நிலையாக நிற்கட்டும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் ஹாலில் தொட்டியை வைத்துவிட்டு மீனைக் குறை சொல்லாதே.

செவுள் நிதானப்பட்ட பிறகுதான் இரை. அதுவும் உயிருள்ள இரை, மேலே மிதப்பது. கொசுப்புழு, சின்னப் பூச்சி, நன்னீர் இறால்குஞ்சு என்று ஒன்றிரண்டு விட்டுவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். வாய் மேல்நோக்கி அமைந்த மீன், அடியில் விழுந்ததைத் தேடிப் போகாது. அரை மணியில் தொடவில்லையென்றால் எடுத்துவிடு. முதுகில் சதை இருக்கிற குஞ்சு ஒரு வாரப் பட்டினியைத் தாங்கும். தலை பெருத்து உடம்பு வற்றினால்தான் கவலை.

தின்னத் தொடங்கியதும் அடுத்த கூத்து ஆரம்பம். வாடிக்கையாளர்கள் குட்டித் தங்கமீனை வாங்கிப் போட்டு, அது விழுங்குவதைப் படம் பிடிக்கிறார்கள். தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு, அதையே தொடர்ந்து போட்டால் பி1 சத்து போய்விடும் என்று அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை. வாஸ்து மீன் என்று வாங்கியவருக்கு அது தின்றால் வரவு, தின்னாவிட்டால் சகுனம். விற்கிற பையன்களும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, மருந்துப் புட்டியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதில்தான் லாபம் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. வியாபாரம் இப்போது அவர்கள் பக்கம்தான்.

போன வாரம் ஒருவர் இரண்டடித் தொட்டிக்கு அரோவானா கேட்டு வந்தார். மூன்றடி வரை வளரும் மீன் அதில் திரும்பக்கூட முடியாது என்று சொல்லிப் பார்த்தார் பெரியவர். வந்தவர் விடவில்லை. "வளரும்போது பாத்துக்கலாம் சார், இப்ப குடுங்க."

"கப்பி ஜோடி தரேன், எடுத்துட்டுப் போங்க" என்றார்.